ஒரு நூல் கட்டை

நான் செய்த நாற்காலி எதுவும் ஆடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இருபத்திரண்டு வருஷமாகச் சித்தூரிலும் திருப்பதியிலும் இதற்கு நேர்மாறாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திருப்பதி மரக்கடையில் போய் நின்றால், "நீங்கதானா அந்த ஆட்ற நாற்காலி ஆசாரி?" என்று கேட்டுவிட்டுத்தான் பலகையை எடுத்துக் காட்டுவார்கள். ஒருதடவை வடமாலபேட்டையில் பஸ் டயர் வெடித்து நின்றபோது, பக்கத்து சீட்டுக்காரர் என் உளிப்பையைப் பார்த்தார், எந்த ஊர் என்றார், சித்தூர் என்றேன். அவரும் அதையே கேட்டார்.

சித்தூர் கதீட்ரலின் மினிட் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. "பிஷப் நாற்காலியின் இடது பின்கால் ஒரு நூல் கட்டையாக இருந்ததைத் தச்சர் ஒப்புக்கொண்டு, தாமே சரிசெய்து வைத்தார்." அதன் கீழே என் கையெழுத்து. கையெழுத்து என்னுடையதுதான். விஷயம் பொய். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். நான் நாலாம் கிளாஸோடு நின்றவன், ஆனால் ஒரு நூல் வித்தியாசத்தைத் தூர நின்று பார்த்தே சொல்வேன். அந்தக் கால் கட்டை இல்லை.

இதை எழுத இப்போது தடையில்லை. மணியம்மா போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்த அறையில் பந்தல் துணியும் உடைந்த பெஞ்சும் கிடக்கின்றன. அவள் புருஷன் கங்கையாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கங்கையாவுக்கு வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பிழைக்க வந்த இடத்தில், சித்தூர் கோயிலில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் மணி அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். இவர் அடித்துக் காட்டினார். வேலை ஆயிற்று. மணி, விளக்கு, பெஞ்சு துடைப்பது, ஆடு உள்ளே வராமல் பார்ப்பது, காலையில் திறப்பது, மாலையில் பூட்டுவது. கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். கங்கையா ஞானஸ்நானம் வாங்கினவர் இல்லை. வருஷத்தில் ஒரே ஒருநாள் லீவு கேட்பார், அது கங்கம்மா ஜாத்திரைக்கு. பாதிரி அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. பிறகு வந்தவர்கள் கேட்கலாம் என்று பார்த்தபோது, பழைய காகிதம் எதிலும் அதற்கு விதி எழுதியிருக்கவில்லை.

அந்தக் காலத்தில் கோயில் நிர்வாகம் சுலபம். பாதிரி சொன்னால் நடக்கும். பாதிரி மறந்தால் நடக்காது. அவர் சீமைக்கே திரும்பிப் போகும்போது பெரிய கதவின் சாவி இரண்டையும் கங்கையாவிடம் கொடுத்தார். ஒன்று கைக்கு, ஒன்று தொலைந்தால் உதவுவதற்கு. ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் தடிமன், இரும்பு. ஒன்றை அரைஞாணில் மாட்டிக்கொண்டார். இன்னொன்றைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

விடிகாலை ஐந்தரைக்கு அவர் கதவைத் திறந்துவிடுவார். ஐந்தரைக்கு எந்த ஆராதனையும் இல்லை. ஆனால் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முதல் பஸ்ஸுக்கு முன்னால் வந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கிறிஸ்தவர்களும் வருவார்கள், நாமம் போட்டவர்களும் வருவார்கள். கங்கையா யாரையும் எதுவும் கேட்கமாட்டார். துடைப்பத்தோடு ஓரமாக நிற்பார்.

பிறகு ஆந்திரா தனி மாநிலம் ஆயிற்று. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஏழு வருஷம் இழுத்தார்கள். அறுபதாம் வருஷம் ஏப்ரலில் திருத்தணி மெட்ராஸுக்குப் போனது. மணியம்மா பிறந்த ஊரும் அதோடு போனது. மணியம்மா இங்கேயே இருந்தாள். மாநிலத்துக்குக் கோடு போட்டதும், பிஷப்பின் எல்லைக்கும் அதே கோட்டைப் போடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். இந்தப் பக்கத்துக்குப் புது பிஷப் வந்தார். பிஷப்புக்கு ஒரு நாற்காலி வேண்டும். எந்தக் கோயிலில் அவர் நாற்காலி இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். கட்டடம் சின்னதா பெரியதா என்பது கணக்கில்லை. திருப்பதிக்காரர்கள் எங்களுக்குத்தான் வேண்டும் என்றார்கள், அங்கே ஏற்கெனவே கூட்டம் அதிகம் என்றார்கள் சித்தூர்க்காரர்கள். சித்தூரில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது என்ற காரணத்தால் சித்தூருக்கே கிடைத்தது. நாற்காலி செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது.

தேக்கில் செய்தேன். முதுகு ஆள் உயரம், மேலே ஒரு சின்ன விதானம், கைப்பிடியில் மாவிலை. நாலு பேர் இல்லாமல் நகராது.

நாற்காலி முடிகிற நேரத்தில் விதிப்புத்தகமும் வந்தது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கதீட்ரலின் விதிகளை டைப் அடித்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதன்படி கோயில் டீன் என்கிற தலைமைப் பாதிரி கையில். டீனோடு எட்டுப் பேர் கொண்ட ஒரு சபை, அதற்குச் சேப்டர் என்று பெயர். நாலு பேர் தமிழ், நாலு பேர் தெலுங்கு. பிஷப்பானாலும் தன் கதீட்ரலில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் சேப்டரைக் கேட்க வேண்டும். பதினாலாவது விதி, நவம்பர் முதல் மார்ச் வரை கோயிலுக்குள் கணப்பு மூட்டுவது வெர்ஜரின் பொறுப்பு என்றது. வெர்ஜர் என்றால் கங்கையா. சித்தூரில் கணப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. "தேவைப்பட்டால்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்து நிறைவேற்றினார்கள்.

சேப்டரின் முதல் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுதியவர் அதன் காரியதரிசி தாமோதரன். ஸ்கூலில் வேதபாடம் எடுக்கிறவர். வேதப்புத்தகத்தில் சேப்டருக்குத் தமிழ் அதிகாரம். ஆகவே கோயில் கதவில் இப்படி ஒட்டினார்: "வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரம் கூடும்."

கங்கையா எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்துவிட்டு நேரே என் பட்டறைக்கு வந்தார்.

"ஆசாரி, வியாழக்கெழம எனக்கு அதிகாரம் கூடுதாம்."

"யார் சொன்னது?"

"கதவுல ஒட்டிக்கீது. டீன் ஐயரும் சொன்னாரு, இனிமே நீ வாட்ச்மேன் இல்ல கங்கையா, வெர்ஜருன்னு. அதான் போல."

"எவ்ளோ கூடுது?"

"அது போடல. பத்து மணிக்கு கூடுது."

எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. நல்ல விஷயம் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை நான் போயிருந்தேன். நாற்காலியை எங்கே வைப்பது என்பது இரண்டாவது விஷயம், கூப்பிட்டால் வர வேண்டும் என்று வராந்தாவில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். கங்கையா சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தார். மேஜையைச் சுற்றி ஒன்பது பேர். பத்தாவதாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெலுங்கு வாத்தியார் ரங்கையா சேப்டரில் ஒருவர். இங்கே எதற்கு என்று அவர்தான் தெலுங்கில் கேட்டார்.

"ஏமய்யா கங்கையா, இக்கட எந்துகு?"

"பத்து மணி ஆயிடுச்சி சார். அதிகாரம் கூடணுமே."

அவர்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ரங்கையா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தாமோதரன் சார், மா தெலுகுலோ அத்யாயம். இந்தத் தொந்தரவே கிடையாது" என்றார். டீன் சிரிக்கவில்லை. கங்கையாவை எழுந்து நிற்கச் சொன்னார். முதல் விஷயமே அவரைப் பற்றியதுதான்.

ஏழாவது விதி: கதீட்ரலின் சாவி டீனிடம் இருக்க வேண்டும். வெர்ஜர் தினமும் காலையில் டீனிடம் கேட்டு வாங்கி, திறந்து, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"சாவியைக் கொடுத்துடு கங்கையா" என்றார் டீன்.

"நீங்க ஏழு மணிக்குத்தானே சாமி எழுவீங்க?"

"அதனால என்ன?"

"ஒண்ணுமில்ல சாமி."

அரைஞாணில் இருந்து அவிழ்க்க நேரம் பிடித்தது. இருபது வருஷத்து முடிச்சு. மேஜை மேல் வைத்தார். தாமோதரன் பேனாவைத் திறந்தார்.

"மொத்தம் எத்தனை சாவி?"

"ஒண்ணுதான்."

"வேற கிடையாதா?"

"ஒண்ணுதான் சார்."

தாமோதரன் எழுதினார்: சாவி ஒன்று, வெர்ஜரிடமிருந்து பெறப்பட்டது, வேறு சாவி இல்லை என்று வெர்ஜர் உறுதி கூறினார். எழுதினதை வாசித்தும் காட்டினார். பிறகு, சாப்பாட்டுக்கு மேல் கங்கையாவின் அறையையும் ஒருதரம் பார்த்துவிடலாம், கோயில் சாமான் என்ன இருக்கிறது என்று லிஸ்ட் எடுக்க வேண்டும் என்றார்.

அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் கங்கையா சொன்னதை வைத்து இங்கே முறைப்படி சொல்கிறேன். அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், கங்கையா டிரங்குப் பெட்டியிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். தினம் பெருக்குகிறவருக்கு எந்தக் கல் லூசு என்று தெரியும். பீடத்துக்கு வடபக்கம் மூலையில் ஒரு கடப்பைக் கல் காலடி பட்டால் சத்தம் கொடுக்கும். அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள், ஏனென்றால் நாற்காலி தென்பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். கல்லை நெம்பி, அடி மண்ணைக் கொஞ்சம் பறித்துச் சாவியை வைத்து, மூடி, மேலே இருந்த சிவப்புக் கம்பளத்தைத் தட்டி விட்டார். இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலி விஷயம் வந்தது. ரங்கையா எழுந்தார்.

"தக்ஷிணம் பக்கம் வெச்சா மெட்ராஸ் பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும் சார். ஏப்ரல்லதானே பார்டர் தீர்ந்துச்சி? மறுபடியும் எதுக்கு?"

தமிழர் நாலு பேரும் தென்பக்கம் என்றார்கள். அதுவரை அவர்களுக்கு எந்தப் பக்கமானாலும் சரியாகத்தான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நாலுக்கு நாலு. டீன் தன் ஓட்டை வடக்குக்குப் போட்டார், அங்கே வெயில் படாது என்று. வடபக்கம் என்று முடிவாயிற்று. வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கங்கையாவின் முகத்தை நான் பார்த்தேன். அதிகாரம் கூடாததால் வந்த வருத்தம் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் டீனே கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார்.

மறுநாள் காலை வண்டியில் நாற்காலியைக் கொண்டுபோனோம். தென்பக்கத் தரைக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்தவன் நான். வடபக்கத்துக்கும் பார்க்க வேண்டும் என்றேன். "வெள்ளைக்காரன் போட்ட தரை, அதெல்லாம் சரியா இருக்கும்" என்றார் தாமோதரன். பத்து மணிக்குப் பிஷப் வருகிறார், கம்பளத்தை எடுக்க நேரமில்லை. வைத்தோம். பிஷப் வந்தார், ஜெபம் ஆயிற்று, உட்கார்ந்தார். டொக் என்றது. சாய்ந்தார். டொக். கனத்த சரீரம் அவருக்கு. மூச்சு விட்டாலும் கேட்டது. பாதிப் பிரசங்கத்தை அவர் நின்றுகொண்டே கேட்டார். ஒருவார்த்தை குறை சொல்லவில்லை. அவருக்குப் பதிலாக மற்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. நாற்காலியை நகர்த்தித் தரையைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்து மாசம் கழித்துப் பதில் வந்தது. பதினோராவது விதிப்படி, பிரதிஷ்டை ஆன நாற்காலியைப் பிஷப் அனுமதியில்லாமல் நகர்த்தக்கூடாது. பிஷப்பை டீன்தான் கேட்க வேண்டும். டீனைச் சேப்டர் கேட்க வேண்டும். சேப்டரின் தீர்மானம் இரண்டு பாஷையிலும் இருக்க வேண்டும். தமிழில் "நாற்காலியை நகர்த்துவது" என்று எழுதினார்கள். தெலுங்கில் அது "பீடம் மார்ச்சுட" என்று ஆகிவிட்டது. பீடத்தை மாற்றப்போகிறார்கள் என்று திருப்பதிக்குச் செய்தி போய், கதீட்ரலே தங்களுக்கு வருகிறது என்று அவர்கள் ஒரு கமிட்டி போட்டு, ஆடுகிற நாற்காலி உள்ள ஊரில் பிஷப் எப்படி நிம்மதியாக உட்காருவார் என்று மகஜர் அனுப்பினார்கள். என் பெயரும் அதில் இருந்தது. சித்தூர்க்காரர்கள் பயந்து தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள்.

அதன் பிறகு பல வருஷம் பொறுத்தும் ஒன்றும் நடக்காமல், ஒருநாள் காலை விதியாவது மண்ணாவது என்று நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு நேரே போனேன். கங்கையா நாற்காலிக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"தொடாத ஆசாரி. ரூல் கீது."

"யோவ், என் பேரு நாறிக்கினு கீது. நீ ரூலு பேசறியா? அதிகாரம் கூடும்னு சொக்கா மாட்டிக்கினு போன ஆளுதானே நீ?"

"ஆமா, நான்தான். தொடாத."

ஆட்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆறு வருஷம் அவரோடு பேசவில்லை. வெர்ஜர் வேலை கிடைத்ததும் திமிர் வந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னேன்.

கங்கையா தினமும் காலையில் டீன் பங்களாவுக்குப் போவார். டீன் எழுந்து, பல் விளக்கி, சாவியைக் கொடுக்க ஏழேகால் ஆகும். முதல் பஸ் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பூட்டின கதவுக்கு முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கங்கையா ஐந்தரைக்கே எழுந்து அந்தப் படிக்கட்டைப் பெருக்கி வைப்பார். மணியம்மா ஒரு குடத்தில் தண்ணீர் வைப்பாள். உள்ளே, கல்லுக்கடியில், அவருடைய சாவி இருந்தது. வெளியே அவர் இருந்தார்.

எழுபத்தாறில் புது பிஷப் வருகிறார் என்று நாற்காலிக்குப் பாலிஷ் போடத் தீர்மானம் ஆயிற்று. இந்தத் தடவை தெலுங்கிலும் சரியாக எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமை நாற்காலியை வெளியே எடுக்க வேண்டும். வேலை என்னிடமே வந்தது, ஏனென்றால் அதன் குறை எனக்குத்தான் தெரியும் என்றார்கள்.

கங்கையா பங்குனியிலிருந்து படுக்கையில் இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் மணியம்மா என் பட்டறைக்கு வந்தாள். "ஒருவாட்டி வந்துட்டுப் போங்க ஆசாரி. சோறு துன்னமாட்டேன்னு உங்களையே கேட்டுக்கினு கீறாரு" என்றாள். போனேன். அவர் அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். சாவி, கல், அன்றைக்குச் சாப்பாட்டு நேரம், எல்லாம். நான் கேட்டு முடித்தபோது எனக்குக் கோபத்தில் காது சூடாகியிருந்தது.

"பதினாறு வருசம்யா. என்னை ஊரே காறித் துப்புது. நீ பாத்துக்கினு இருந்த."

"இருந்தேன்."

"நாலு ஆளோட வந்தேனே, அன்னைக்காச்சும் சொல்லியிருக்கலாமே."

"நாலு பேரு கூட இருந்தாங்களே."

"பூட்டை மாத்தியே எட்டு வருசம் ஆச்சி. அந்தச் சாவி எதுக்கும் ஆவாது. தெரியுமா?"

"தெரியும். நான்தானே கூட நின்னு மாத்தினேன்."

"அப்புறம் இன்னா பயம்?"

"மினிட் புக்குல ஒண்ணுதான்னு எழுதிக்கீதே ஆசாரி. நான் சொல்லித்தானே எழுதினாரு."

பிறகு பத்தொன்பதாவது விதியைச் சொன்னார். விதிப்புத்தகத்தில் அது ஒன்று மட்டும் அவருக்கு மனப்பாடம். வெர்ஜர் எந்தக் களங்கமும் இல்லாமல் வேலையை முடித்தால், அவர் போன பிறகு அவர் மனைவி சாகும்வரை அந்த அறையில் இருக்கலாம். திங்கட்கிழமை கம்பளத்தை எடுத்தால் கல் தூக்கிக்கொண்டிருப்பது தெரியும். சாவி வெளியே வந்தால் மணியம்மாவும் வெளியே. அவளுக்குத் திருத்தணிப் பக்கம் யாரும் மிச்சமில்லை. மகன், மகள் கிடையாது.

"நாற்காலிய நகத்தினதும் ஆளுங்கள டீ குடிக்க அனுப்பிச்சுடு. சாவிய எடுத்துக்கோ. கல்ல மட்டமா போட்டுடு. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? திருப்பி வெச்சா நாற்காலி ஆடாதே. பதினாறு வருசம் ஆடினது எப்படி நின்னுச்சின்னு தாமோதரன் கேப்பாரே."

"கேப்பாரு. மீட்டிங்கு போடுவாரு. தரையப் பாக்கலாம்னு சொல்லுவாரு."

"அப்போ நான் இன்னா சொல்றது?"

கங்கையா சுவர்ப்பக்கம் பார்த்தார். அரைஞாணில் சாவி இருந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். பதில் அவரிடம் முன்னாலேயே இருந்தது. அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"கால் ஒரு நூல் கட்டையா இருந்துச்சி, நான்தான் தப்பா அறுத்துட்டேன், இப்ப சரி பண்ணிட்டேன்னு சொல்லு ஆசாரி. எழுதிக்கச் சொல்லி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துடு."